எட்டாம் நம்பரின் ஐந்தாவது ஃபவுல்

கூடைப்பந்து ஸ்கோர் ஷீட் எழுத இரண்டு பேனா வேண்டும். முதல் கால்பகுதிக்கும் மூன்றாவதுக்கும் சிவப்பு, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நீலம். எது எப்போது விழுந்தது என்று பிறகு பார்க்கிறவருக்கு நிறத்தை வைத்தே தெரிந்துவிடும். ஷீட்டின் இடது பக்கம் ஒரு அணிக்குப் பன்னிரண்டு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்து சின்னக் கட்டம். ஒரு ஃபவுலுக்கு ஒரு கட்டம். ஐந்தாவது கட்டம் நிரம்பினால் அந்த ஆள் வெளியே போய் உட்கார வேண்டியதுதான், அன்றைக்கு மறுபடி இறங்க முடியாது. இதையெல்லாம் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஸ்கோர் எழுதுகிற டேபிளுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கல்லூரி அணியில் இரண்டு வருடம் ஆடியவன் நான். உயரம் கம்மி, ஆனால் பந்தை வைத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது என்று பெயர். மூன்றாம் வருடம், ஜூலை மாதம், தென்னூரில் ஒரு கிளப்போடு சும்மா ஆடிய மேட்சில் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. யாரும் இடிக்கவில்லை. நானே ஓடினேன், நானே நிற்கப் பார்த்தேன், கால் மட்டும் நிற்கவில்லை. லிகமெண்ட் என்றார் டாக்டர். இந்த வருடம் மறந்துவிடு என்றார். இந்த வருடம்தான் கடைசி வருடம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அணியின் கேப்டன் என் வகுப்புத் தோழன். எட்டாம் நம்பர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு, அப்பா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி உறையூருக்கு வந்து, கட்டுப் போட்ட காலோடு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிரவுண்டுக்குப் போவான். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் ஒரு நாள்கூட விட்டதில்லை. வீட்டில் படுத்திருந்தால் உனக்குப் பைத்தியம் பிடிக்கும், அப்புறம் அதையும் நான்தான் பார்க்கணும் என்பான்.

அவனுக்கு அந்த வருடம் வேறு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வட்டாரக் கல்லூரிகளுக்கு நடக்கும் ஜோன் போட்டியில் ஃபைனல் ஜெயிக்கும் கல்லூரியிலிருந்து மூன்று பேருக்கு யூனிவர்சிட்டி அணிக்கான கேம்ப் அழைப்பு வரும். தோற்ற கல்லூரியிலிருந்து ஒருவருக்கு வரலாம், அதுவும் தேர்வாளர்களுக்குத் தோன்றினால். யூனிவர்சிட்டிக்கு ஆடிய சர்டிஃபிகேட் கையில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எழுதிப் போடலாம். இல்லாவிட்டால் காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம் அவன் மாமா வைத்திருக்கும் டைல்ஸ் கடை. மாமா நல்ல மனிதர், கடையும் நல்ல கடை. ஆனால் மார்ச் வரைக்கும் பந்து, ஏப்ரலில் இருந்து கடை என்று அவன் அப்பா சொல்லி முடித்துவிட்டார். அவனும் சரி என்று சொல்லிவிட்டான். ஜோன் ஜெயித்தால் மட்டும் பேச்சு வேறு. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனிடம் இதைப் பேசுவதில்லை.

பி.டி. சார் என்று நாங்கள் கூப்பிடும் உடற்கல்வி இயக்குநர்தான் என்னை டேபிளில் உட்கார வைத்தார். மற்றக் கல்லூரிகள் நம் கோர்ட்டுக்கு வந்து ஆடும்போது டேபிளுக்கு ஆள் தருவது நம் பொறுப்பு. கால் போனவன் உட்கார்ந்து எழுதட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. டேபிளில் உட்கார்ந்தவன் வாயைத் திறக்கக் கூடாது. நம் அணி பந்து போட்டால் கை தட்டக் கூடாது, விட்டால் தலையில் அடித்துக்கொள்ளவும் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வேண்டுமென்றே சொன்னாரோ என்னவோ.

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு, அது ஆடுகிறவர்களுக்கு. விசில் அடித்தால் ஃபவுல் செய்தவன் கையைத் தூக்க வேண்டும். முகத்தைச் சுளிக்கக் கூடாது, நானா என்று கேட்கக் கூடாது. அவர் ஆடிய காலத்துப் பழக்கம். இப்போது எந்தக் கல்லூரியிலும் யாரும் கை தூக்குவதில்லை. எங்கள் அணி மட்டும் தூக்கும். ரெஃப்ரிகளுக்கு அதனாலேயே எங்களைப் பிடிக்கும் என்று சார் நம்பினார். கொஞ்சம் உண்மையும்கூட.

அந்த வருடம் ஏழாம் நம்பர் போட்டுக்கொண்டு ஒரு முதலாமாண்டுப் பையன் வந்தான். ஆறடி மூன்று அங்குலம். ரிங்குக்குக் கீழே நின்றால் பந்து அவனைத் தேடி வரும். கோபமும் அதே மாதிரிதான். சீசனின் முதல் மேட்சிலேயே விசில் அடித்ததும் ரெஃப்ரியின் முகத்துக்கு நேரே போய், நான் தொடவே இல்ல சார், கண்ணு தெரியலையா என்று கேட்டான். டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். எதிரணிக்கு அதனால் கிடைத்த ஃப்ரீ த்ரோ உள்ளே விழுந்தது. அந்த மேட்சை நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அவனோடு பேசவில்லை. கேப்டன் மட்டும் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன்.

"நீ இனிமே கை தூக்க வேணாம்டா. விசில் அடிச்சா திரும்பிப் பார்க்காம நீ பாட்டுக்கு ஓடிரு. கையை நான் தூக்கிக்கறேன்."

"ரெஃப்ரி என் நம்பரைத்தானேண்ணா காட்டுவாரு?"

"அவரு யார் நம்பரை வேணா காட்டட்டும். உன் மூஞ்சியை அவருக்குக் காட்டாம இருந்தா போதும்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. ஏழாம் நம்பர் இடிப்பான், விசில் அடிக்கும், எட்டாம் நம்பரின் கை மேலே போகும், ஏழு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடுவான். ரெஃப்ரிக்கு யார் இடித்தது என்று தெரியும். டேபிளுக்கு வந்து விரல்களால் ஏழு என்று காட்டுவார், நாங்கள் ஏழுக்கு எழுதுவோம். யாருக்கும் நஷ்டமில்லை. பெஞ்சில் இருந்தவர்கள், கோயில் யானை ஆசீர்வாதம் பண்ற மாதிரி தூக்கறான் பாரு என்று கேலி செய்வார்கள். பையன் அதன்பிறகு ஒரு டெக்னிக்கல்கூட வாங்கவில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் நாங்கள் ஆடிய ஏழு மேட்சில் ஐந்தை ஜெயித்தோம்.

ஐந்தையும் நான் உட்கார்ந்த இடத்தில் இருந்துதான் பார்த்தேன். வெளியூரில் ஆடும்போது எனக்கு டேபிளும் கிடையாது. பெஞ்சின் ஓரத்தில் நோட்டு வைத்துக்கொண்டு எழுதுவேன். பந்தைக் கொண்டு போகிற எங்கள் கார்டு அதை இடது பக்கம் தள்ள வேண்டிய நேரத்தில் வலது பக்கம் தள்ளும்போது என் கை தானாக இடது பக்கம் போகும். நோட்டில் கோடு கோணும். நான் அங்கே இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்தே அந்த இரண்டு மாதம் போனது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. வேகமாக எழுதுவது. ரெஃப்ரி விரலைக் காட்டி முடிப்பதற்குள் என் பேனா கட்டத்துக்குள் இருக்கும். மேட்சைப் படிக்கத் தெரிந்தவனுக்கு விரல் எதற்கு என்று எனக்குள் ஒரு நினைப்பு. பரீட்சை ஹாலிலும் நான் அரை மணி முன்னாலேயே எழுந்து வருகிறவன். கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. "விரலைப் பார்த்துட்டு எழுதுடா" என்று சார் இரண்டு தடவை சொன்னார். தலையை ஆட்டினேன்.

ஜோன் போட்டி அக்டோபரில், எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. சிமெண்ட் தரை, மேலே கூரை கிடையாது. காலையில் மழை பெய்தால் மதியம் வரைக்கும் ஈரம். கோணிச் சாக்குகளைக் கயிற்றில் கட்டி இழுத்து, மூலைகளில் பழைய பேப்பர் விரித்து, பள்ளமான இடத்தில் பனியனால்கூடத் துடைத்து மேட்ச் நடத்தினோம். சாக்கு இழுக்கிற வரிசையில் முதலில் நின்றவன் கேப்டன். நான் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே இன்னும் பளபளக்குது என்று வழிகாட்டிக்கொண்டிருந்தேன். "வாய் மட்டும் காயவே மாட்டேங்குது இவனுக்கு" என்றான் ஒருவன்.

அரையிறுதியில் தோற்ற ஒரு அணியின் மேனேஜர் டேபிளுக்கு வந்து சண்டை போட்டார். அவர் பையனுக்கு மூன்று ஃபவுல்தான், ஷீட்டில் நான்கு இருக்கிறதாம். நான் ஷீட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். கட்டம் கட்டமாக, எந்தக் கால்பகுதி, எந்த நிறம், அப்போது யார் யாரை இடித்தார் என்று ஒப்பித்தேன். மனிதர் அடங்கிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். "ஷீட்ல ஏறிட்டா ஏறினதுதான் சார்" என்று ஒரு வரியையும் சேர்த்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு கல்லூரியின் கோச் என்னைப் பார்த்துச் சிரித்தார். டேபிள்னா இப்படி இருக்கணும் என்று பி.டி. சாரிடமும் சொன்னார். அவருடைய அணியோடுதான் எங்களுக்கு மறுநாள் ஃபைனல்.

ஃபைனல் அன்று காலையிலேயே மழை. மூன்று மணிக்குத்தான் தரை ஆடுகிற பதத்துக்கு வந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேர் எதிர்ப்பக்கப் படிக்கட்டில் குடையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் டேபிளுக்கு வந்து, வழக்கம்போலப் பன்னிரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனான். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

முதல் பாதி முடிந்தபோது நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். கேப்டனுக்கு ஒரு ஃபவுல், ஏழாம் நம்பருக்கு ஒரு ஃபவுல். மூன்றாவது கால்பகுதியின் நடுவில், எங்கள் ரிங்குக்குக் கீழே ஐந்தாறு பேர் கும்பலாக எம்பினார்கள். விசில். கும்பலுக்கு மேலே எட்டாம் நம்பரின் கை உயர்ந்தது. அதே நேரம் பந்து ரிங்கில் உருண்டு உள்ளே விழுந்தது. பந்து கணக்கில் சேருமா சேராதா என்பதில்தான் என் கவனமெல்லாம். கை எழுதிவிட்டது. எட்டுக்கு நேரே, இரண்டாவது கட்டத்தில், சிவப்பில். எழுதியதும் இரண்டு என்று போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினேன். எத்தனையாவது ஃபவுல் என்று இரு அணிகளுக்கும் தெரிய வேண்டும், அதற்கான அட்டை அது. ரெஃப்ரி டேபிளுக்கு வந்து விரல் காட்டினார். நான் ஃப்ரீ த்ரோ போடப் போகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் ஏழாம் நம்பரைப் பார்த்து, முழங்கையை உள்ள வைடா என்று கத்தினார். அது என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

அட்டையில் இருந்த இரண்டு, எட்டுக்கும் பொருந்தும், ஏழுக்கும் பொருந்தும். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதே கால்பகுதி முடியும் தறுவாயில் கேப்டன் நிஜமாகவே ஒரு ஃபவுல் செய்தான். நான் மூன்று அட்டையைத் தூக்கினேன். நான்காவது தொடங்கியதும் இன்னொன்று. நான்கு அட்டையைத் தூக்கினேன். அவன் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். அடுத்த தடவை பந்து வெளியே போனதும் டேபிள் பக்கம் வந்தான். முழங்காலில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"நாலா? மூணுதானடா?"

நான் குனிந்து எண்ணினேன். நான்கு கட்டம் நிரம்பியிருந்தது. எண்ணத்தான் எண்ணினேன். எந்தக் கட்டம் எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை.

"நாலு மாப்ள. பார்த்து ஆடு."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினான். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்று வருடமாக அவனுக்கு ஒரு பழக்கம். நான்கு ஃபவுல் ஆனவனை வைத்து எப்படி ஆடுவது என்று சாரும் அவனை வெளியே எடுத்து உட்கார வைத்தார். அவன் இல்லாத அந்த மூன்று நிமிடத்தில் எங்கள் முன்னிலை கரைந்து போனது. ஏழாம் நம்பர் தனியாக ரிங்குக்குக் கீழே போராடினான். அடுத்தடுத்து இரண்டு ஃபவுல். நான் இரண்டு என்றும் மூன்று என்றும் அட்டை தூக்கினேன்.

கேப்டன் மறுபடி இறங்கும்போது இரு பக்கமும் சம புள்ளி. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. இறங்கிய கொஞ்ச நேரத்தில் எதிரணி கார்டு உள்ளே புகுந்து வந்தான், கேப்டன் குறுக்கே காலை வைத்தான், விசில். சின்ன ஃபவுல், நான்காவது ஃபவுலாக இருந்தால் யாருமே கவலைப்பட மாட்டார்கள். கையைத் தூக்கினான். நான் எட்டுக்கு நேரே ஐந்தாவது கட்டத்தில் நீலத்தில் எழுதினேன். ஐந்து மட்டும் சிவப்பு எண். அந்த அட்டையை எடுத்தேன்.

கை பாதியிலேயே நின்றுவிட்டது. கேப்டனின் வரிசையில் முதல் கட்டம் நீலம், பிறகு இரண்டு சிவப்பு, பிறகு இரண்டு நீலம். மேலே ஏழாம் நம்பரின் வரிசை. நீலம், நீலம், நீலம். மூன்றாவது கால்பகுதிக்கான சிவப்பு அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்றாவது கால்பகுதியில்தானே சார் அவனை முழங்கைக்காகத் திட்டினார்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்தது. கும்பல், உயர்ந்த கை, ரிங்கில் உருண்ட பந்து. நான் விரலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்தக் கை எதற்கு உயரும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் கிடையாது.

பஸ்ஸரை அழுத்தினேன். சீசன் முழுக்க, ஆட்டம் நடக்கும்போது டேபிளில் குரல் உயர்த்தாதவன் எழுந்து நின்றேன். பெரிய ரெஃப்ரி வந்தார். வெளியூர்க்காரர், தலை நரைத்தவர், நிதானமானவர். எட்டுக்கு நான்குதான் சார், ஒன்று ஏழுடையது, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். எந்த ஃபவுல் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் பக்கத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த பையனைக் கேட்டார். அவன் கடிகாரத்தைத்தான் பார்த்தேன் என்றான். அதை விசில் அடித்த இளம் ரெஃப்ரியைக் கேட்டார். அவர் நெற்றியைத் தேய்த்தார். முப்பது நாற்பது ஃபவுல் அடித்த மேட்சில் ஒன்றை எப்படி ஞாபகம் வைப்பது. "எட்டு கை தூக்கின மாதிரிதான் சார் ஞாபகம்" என்றார்.

கேப்டன் வந்து சொன்னான், கை தூக்கியது நான்தான், ஆனால் ஃபவுல் என்னுடையது இல்லை என்று. சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டான். ஏழாம் நம்பர் ஓடி வந்து, நான்தான் சார், நான்தான் இடிச்சேன் என்றான். சீசனிலேயே முதல் தடவையாக ஒரு ஃபவுலைத் தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொண்டான். ரெஃப்ரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே கல்லூரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

படிக்கட்டில் இருந்து ஒருவன் போனோடு ஓடி வந்தான். அந்த ஃபவுலை வீடியோ எடுத்திருந்தான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். வீடியோ விசிலுக்குப் பிறகுதான் தொடங்கியது. திரை முழுக்கக் கேப்டன், வலது கையை நேராகத் தூக்கிக்கொண்டு. ஏழாம் நம்பரின் முதுகு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரெஃப்ரி டேபிள் பக்கம் போய் விரல் காட்டுகிற இடத்தில் போன் பந்தின் பக்கம் திரும்பிவிட்டது. போன் வைத்திருந்தவன் மெதுவாக அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

எதிரணி கோச் அதுவரை தள்ளியே நின்றிருந்தார். இப்போது பக்கத்தில் வந்தார். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, நேத்து நீங்களேதான் சொன்னீங்க. ஷீட்ல ஏறிட்டா ஏறினதுதான்னு."

ரெஃப்ரி பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "உன்னை நான் நம்பலைன்னு இல்லப்பா. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டறது? உக்காரு."

நான் உட்கார்ந்தேன். ஐந்து அட்டையைத் தூக்கினேன். சிவப்பு எண் கோர்ட் முழுக்கத் தெரிந்தது.

கேப்டன் பெஞ்சுக்குப் போகிற வழியில் டேபிளைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் பார்வை என் மேல் விழாமலே கடந்து போனது. பெஞ்சில் டவலைத் தலை மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

நான்கு நிமிடம். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு மூன்று. ஏழாம் நம்பர் அந்த நான்கு நிமிடத்தில் ஆடியது போல சீசன் முழுக்க ஆடியதில்லை. ரிங்கில் பட்டுத் திரும்பிய ரீபவுண்ட் எல்லாம் அவனுடையது. முடிய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்போது அவன் எம்பி ஒருவனைத் தள்ளினான். விசில். இந்தத் தடவை அவனே கை தூக்கினான். ஓடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெஃப்ரி தெளிவாக ஏழு என்று காட்டினார், நானும் தெளிவாகப் பார்த்தேன். நிஜத்தில் அது அவனுக்கு ஐந்தாவது. ஷீட்டில் நான்காவது. அட்டைகள் இரண்டும் என் முன்னால் கிடந்தன. நான்கு அட்டையைத் தூக்கினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆடப் போனான்.

ஐந்து புள்ளியில் தோற்றோம்.

மேட்ச் முடிந்ததும் ஷீட்டை மூட வேண்டும். கடைசிப் புள்ளியில் வட்டம் போட்டு, நிரம்பாத கட்டங்களின் குறுக்கே கோடு இழுத்து, ரெஃப்ரிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கீழே இன்னொரு இடம் உண்டு. கேப்டனுக்கு ஆட்சேபம் இருந்தால் அங்கே கையெழுத்துப் போடலாம், விஷயம் கமிட்டிக்குப் போகும். கேப்டன் வந்து பேனாவை வாங்கினான். அவன் கை ஈரமாக இருந்தது, ஷீட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

போடுடா, போடு என்று நான் சொன்னேன். கமிட்டி என்னைக் கூப்பிடட்டும், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். பி.டி. சார் அவன் தோளைப் பிடித்தார்.

"நாம நடத்தற போட்டி, நம்ம டேபிள், நம்ம புள்ள எழுதினது. நம்ம மேலயே நாமளே புகார் எழுதிக் குடுக்கறதாப்பா? எவன் காதுல வாங்குவான்?"

கேப்டன் கையெழுத்துக்கான அந்த இடத்தைப் பார்த்தான். படிக்கட்டில் தேர்வாளர்கள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பேனாவை மூடி என் முன்னால் வைத்தான்.

"மூடுடா ஷீட்டை. மழை வருது."

நான் ஸ்கேலை வைத்துக் கோடுகள் இழுத்தேன். எட்டாம் நம்பருக்கு இழுக்க ஒன்றுமில்லை, ஐந்தும் நிரம்பியிருந்தது. ஏழுக்கு ஒரு கட்டம் காலி. அதில் இழுக்கும்போது பக்கத்தில் ஏழாம் நம்பர் நின்றிருந்தான். மூன்றாவது ஃபவுலுக்கு நான் இரண்டு என்று அட்டை காட்டியபோதே கவனித்தானாம். "ஒண்ணு கம்மியா இருக்கேன்னு நெனச்சேண்ணா. சந்தோஷமா இருந்துச்சு, சொல்லலை" என்றான். பிறகு அங்கேயே அழுதான். கேப்டன் அவன் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு போனான். ஸ்கூட்டரில் அன்று எனக்கு இடமில்லை. பையனைக் காட்டூரில் அவன் வீட்டில் விட வேண்டும் என்றான். நான் டவுன் பஸ்ஸில் உறையூர் போனேன், ஜன்னல் ஷட்டரை இறக்க முடியாமல் பாதி நனைந்துகொண்டு.

பத்து நாளில் கேம்ப் பட்டியல் வந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே பெயர். ஏழாம் நம்பர். கடைசி நான்கு நிமிடம் தேர்வாளர்களுக்குப் பிடித்திருந்ததாம். அவன் போகவே மாட்டேன் என்று அடம் பிடித்தான். கேப்டன் அவனைத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல. கடைசியில் போனான். நன்றாகவே ஆடுகிறான். இந்த வருடமும் யூனிவர்சிட்டி அணியில் இருக்கிறான்.

நான் இதைப் பற்றிச் செய்ததெல்லாம் வீண். பெரிய ரெஃப்ரியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். தேர்வாளர் ஒருவருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன், நிறங்களை எல்லாம் விளக்கி. ரெஃப்ரி, படிப்பைப் பாருப்பா என்றார். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கேப்டனிடம் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். கோபமாக இருந்தாலாவது ஏதாவது செய்திருப்பேன்.

ஏப்ரலில் அவன் கடைக்குப் போனான். இந்த ஜூன் மாதம் உறையூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. அளவெடுக்க அவனே வந்தான், காதில் பென்சில், கையில் டேப். அம்மா காபி கலந்துகொண்டிருந்தபோது என் அறைக்குள் வந்தான். மேஜையில் ஃபைலுக்குக் கீழே அந்த ஷீட்டின் மஞ்சள் நிறப் பிரதி துருத்திக்கொண்டிருந்தது. கார்பன் பிரதி. அதில் சிவப்பும் நீலமும் தெரியாது, எல்லாம் ஒரே மங்கல் நிறம். நான் மறைப்பதற்குள் உருவி எடுத்தான். தன் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"எதுடா அது?"

நான் விரலை வைத்தேன். "ரெண்டாவது."

அவன் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மற்ற நான்கிலிருந்து அதை என்னாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும். அவன் போன் அடித்தது. கடையிலிருந்து. ஷீட்டைத் திரும்ப ஃபைலுக்குக் கீழே வைத்துவிட்டு, வரேன் மாமா, பத்து நிமிஷம் என்று பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனான். டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, சுவரோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். அளவை அவன் வாய்விட்டுச் சொல்லி, அவனே எழுதிக்கொண்டான்.